செயினை அடகு வைக்க வேண்டாம், தம்பி

கேள்வி: ஐயாவுக்கு வணக்கமுங்க. எனக்கு 26 வயது. கருமத்தம்பட்டிப் பக்கம் ஊர். ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்துவிட்டு, நாலரை வருடமாக அரசூர் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில் சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். ஓ.டி. சேர்த்து 18,000 ரூபாய் வருகிறது. மோட்டார் ஷாஃப்ட்தான் எங்களுக்கு முக்கியமான ஜாப். பீஸை மாட்டுவேன், பட்டனை அமுக்குவேன், கழற்றி அளப்பேன். டூல் கட்டி, புது ஜாபுக்கு மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் எல்லாம் செட்டர் அண்ணன் பார்த்துக்கொள்வார். எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். "கத்துக் குடுத்துப்போட்டா அடுத்த மாசமே பக்கத்துக் கம்பெனிக்குப் போயர்றீங்களே" என்கிறார். கோவையில் ஒரு பயிற்சி சென்டரில் ஆறு மாத முழுநேரக் கோர்ஸ் இருக்கிறது. சிஎன்சி, விஎம்சி (மில்லிங் மெஷின்), கேட்-கேம் (கம்ப்யூட்டரில் வரைந்து புரோகிராம் எடுப்பது) எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய். நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறார்கள். அம்மா கழுத்துச் செயினை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் பட்டன் அமுக்கற வேலைதானே" என்று சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு கோர்ஸில் சேரலாமா? வேலையில் இருந்துகொண்டே கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா?

பதில்:

தம்பி, வேலையை விட வேண்டாம். செயின் அம்மா கழுத்திலேயே இருக்கட்டும்.

நானும் டர்னர்தான். ஐ.டி.ஐ. முடித்து, பீளமேட்டில் ஒரு கம்பெனியில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்து, ஆபரேட்டர், செட்டர் என்று வந்தவன். கடைசிப் பதினெட்டு வருடமாக ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். உங்களைப் போன்ற பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி கோர்ஸ் முடித்து, திரும்பவும் ஆபரேட்டராகவே வந்து என் முன்னால் இன்டர்வியூவுக்கு உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சான்றிதழை நீட்டும்போது எனக்கு மனசு கனத்துப் போகும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறு மாதச் சம்பளம் 1,08,000 ரூபாய் போகிறது. அதோடு ஃபீஸ் 78,000. மொத்தம் 1,86,000 ரூபாய். நகைக்கடன் வட்டியும் பஸ் செலவும் இதில் சேரவில்லை. இதற்கு என்ன கிடைக்கும்? அந்த சென்டரில் ஒரே ஒரு சிஎன்சி மெஷின் இருந்து, ஒரு பேட்சில் முப்பது பேர் இருந்தால், எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டினாலும் ஒருவர் கைக்கு ஒரு நாளைக்கு 16 நிமிடம்தான் மெஷின் வரும். நீங்கள் இப்போது எட்டு மணி நேரம், சம்பளம் வாங்கிக்கொண்டு, மெஷின் பக்கத்தில் நிற்கிறீர்கள். அந்த எட்டு மணி நேரத்தைப் படிப்பாக மாற்ற முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லா சென்டரும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் சொல்லிக் கொடுக்கும் இடங்கள் கோவையில் இருக்கின்றன. ஆனால் எங்கே போனாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். எத்தனை மெஷின், ஒரு பேட்சுக்கு எத்தனை பேர்? ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுவீர்களா? போன பேட்ச் பையன்கள் மூன்று பேரின் போன் நம்பர் தருவீர்களா? "வேலை உறுதி" என்றால் என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எழுத்தில் தருவீர்களா? நடுவில் நின்றால் பணம் திரும்ப வருமா? போன் நம்பர் தரத் தயங்கும் இடத்தில் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டால் சென்டரானாலும் கம்பெனியானாலும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. வேலையில் இருந்துகொண்டே கற்க வழி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலரை வருடம் நின்ற மெஷினில் செட்டிங் தெரியவில்லை என்றால், அதில் முதலாளியின் பங்கு பெரிது. உங்கள் பங்கும் கொஞ்சம் உண்டு. "செட்டர் அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்க்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

அளப்பதிலிருந்து தொடங்குங்கள். அளக்கத் தெரியும் என்று நீங்கள் நினைப்பீர்கள். 1996-ல் நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு என் மெஷினில் ஓடியதும் மோட்டார் ஷாஃப்ட்தான். 6205 பேரிங் உட்காரும் இடம் 25 மில்லிமீட்டர், கே6 டாலரன்ஸ். அதாவது 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மொத்த இடைவெளியே 13 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பீஸைக் கழற்றியவுடன் மைக்ரோமீட்டர் வைத்தேன். 25.017 காட்டியது. அதிகமாக இருக்கிறதே என்று ஆஃப்செட்டில் (டூல் நிற்கும் இடத்தைத் திருத்தும் எண்) 12 மைக்ரான் குறைத்தேன். அடுத்த பீஸ் 25.005. திருப்தியாக ஷிப்ட் முழுக்க ஓட்டினேன். மறுநாள் காலை குவாலிட்டியில் அளந்தபோது பீஸெல்லாம் 24.999. லாட் மொத்தமும் ரிஜெக்ட்.

நடந்தது இதுதான். அன்றைக்குச் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் சரியாக விழவில்லை. கழற்றும்போது பீஸ் கை பொறுக்க முடியாத சூட்டில் இருந்தது. உருக்கு, மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11 முதல் 12 மைக்ரான் விரியும். 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 20 டிகிரி சூடு கூடியிருந்தால் கிட்டத்தட்ட 6 மைக்ரான். கையில் இருக்கும் இடைவெளி 13. அதில் பாதியைச் சூடே சாப்பிட்டுவிட்டது. அளவு அதிகமாக இருக்கிறது என்று நான் குறைத்தேன். ஆறியதும் அது கீழ் எல்லையைத் தாண்டிவிட்டது.

அந்தக் கம்பெனியில் ஒரு வயதான செட்டர் இருந்தார். அவர் திட்டவில்லை. ஒரு பீஸை ஓட்டச் சொல்லி, சூட்டோடு என்னையே அளக்க வைத்தார். பிறகு அதைக் கிரானைட் மேசையில் மைக்ரோமீட்டர் பக்கத்திலேயே வைத்துவிட்டு, "டீ குடிச்சுட்டு வா கண்ணு" என்று அனுப்பினார். வந்து அளந்தால் அளவு குறைந்திருந்தது. "சூட்டோட அளந்தா அளவு நெசஞ் சொல்லாது" என்றார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய வகுப்பு அதுதான். அதற்கு நான் கட்டிய ஃபீஸ் ஒன்றுமில்லை. லாட்டின் நஷ்டத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் ஓட்டுவதும் ஷாஃப்ட்தான். ஒரு நோட்டு வாங்குங்கள். காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஓடும் முதல் பீஸ், பத்தாவது பீஸ், ஐம்பதாவது பீஸ், இன்செர்ட் (டூல் முனையில் மாட்டும் வெட்டும் துண்டு) மாற்றியபின் வரும் முதல் பீஸ் ஆகியவற்றின் அளவைக் குறித்து வையுங்கள். பீஸைக் கழற்றியவுடன் ஒரு அளவு, ஆறியபின் ஒரு அளவு. பக்கத்திலேயே ஆஃப்செட் யார் மாற்றினார்கள், எவ்வளவு மாற்றினார்கள் என்று எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் உங்கள் மெஷின் எப்போது நகர்கிறது, எவ்வளவு நகர்கிறது என்று செட்டருக்கே தெரியாத விவரம் உங்கள் கையில் இருக்கும். இன்டர்வியூவில் என் முன்னால் அப்படி ஒரு நோட்டை யாராவது வைத்தால், நான் சான்றிதழ் கேட்க மாட்டேன்.

அடுத்தது புரோகிராம். புரோகிராமை மாற்ற விடும் எடிட் சாவி செட்டரிடம் இருக்கும், சரி. படிப்பதற்குச் சாவி தேவையில்லையே. நாள் முழுக்கத் திரையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தினம் பத்து வரி நோட்டில் எழுதிக்கொண்டு போய், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். ஜி71 என்ற கட்டளை வந்தால் ரஃப் டர்னிங், ஜி70 வந்தால் ஃபினிஷ், ஜி76 வந்தால் மரை. இது மேலோட்டம். அதற்கு அடுத்த கேள்வியைக் கேளுங்கள். ஜி96 (வெட்டும் வேகத்தை மாறாமல் வைக்கும் கட்டளை) போட்ட இடத்தில் ஜி50 ஏன் இருக்கிறது? ஃபேசிங் செய்யும்போது டூல் மையத்தை நெருங்க நெருங்க, வெட்டும் வேகம் மாறாமல் இருப்பதற்காக ஸ்பிண்டில் சுற்று ஏறிக்கொண்டே போகும். ஜி50-ல் எல்லை போடாவிட்டால் மெஷின் தன் உச்ச வேகம் வரை போய்விடும். பெரிய பீஸைப் பிடித்திருக்கும் சக்கில் அப்படி நடந்தால் உயிருக்கு ஆபத்து. இதைத் தன் வாயால் சொல்லும் ஆபரேட்டரை "பட்டன் அமுக்குகிறவர்" என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். சில கண்ட்ரோலில் புள்ளி இல்லாமல் 5 என்று அடித்தால் 5 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். சிலவற்றில் 5 மில்லிமீட்டர். பாராமீட்டர் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டூல்களைத் தாங்கும் டரெட் போய்ச் சக்கில் மோதினால் உங்கள் படிப்பும் அங்கேயே நின்றுவிடும். முதல் ஆறு மாதம் செட்டர் பக்கத்தில் இருக்கும்போது, அவரிடம் சொல்லிவிட்டு மட்டும் மாற்றுங்கள்.

செட்டிங் பழகுவதற்கு ஜாப் மாறும் நேரம்தான் பள்ளிக்கூடம். உங்கள் ஷிப்டில் ஜாப் மாறுவதாக இருந்தால் டீக்குப் போகாதீர்கள். அடுத்த ஷிப்டில் மாறுவதாக இருந்தால் அரை மணி நேரம் தங்குங்கள். சக்கில் பீஸைப் பிடிக்கும் ஜாவைக் கழற்றுவது, புது ஜாவைப் பீஸ் அளவுக்குக் குடைந்து போர் போடுவது, டூல் உயரம் பார்ப்பது, பீஸ் இருக்கும் இடத்தை மெஷினுக்குச் சொல்லும் ஒர்க் ஆஃப்செட் எடுப்பது, முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டுவது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு வேலையை மட்டும் "இதை நான் செய்யறேனுங்கண்ணா" என்று கேட்டு வாங்குங்கள். மொத்தமாகக் கற்றுக் கொடுங்கள் என்று கேட்டால் எந்த செட்டரும் மலைப்பார். ஜாவைப் போர் போடும் வேலையை மட்டும் கேட்டால் அவருக்கு ஒரு வேலை குறைகிறது. இன்னொன்று, புது மெஷின் இறக்கினால் அதைச் செய்த கம்பெனியின் இன்ஜினியர் வந்து சில நாள் இருந்து சொல்லிக் கொடுப்பார். அந்த நாட்களில் லீவு போட்டுவிடாதீர்கள். மெஷினோடு வந்த மேனுவல் அலமாரியில் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் கிடக்கும். முதலாளியிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிப் போங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் அலாரம் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். அவை தினமும் நீங்கள் பார்க்கும் சொற்கள்.

உங்கள் பக்கத்து மெஷினில் ஒடிசாவோ பீகாரோ, வெளியூர்ப் பையன் ஒருவர் நிற்பார் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் இன்று பெரும்பாலான கம்பெனிகளில் அப்படித்தான். அவருக்கு மைக்ரோமீட்டர் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு எது தெரியாது என்று தெரியும். என் பயிற்சிப் பிரிவில் நான் இதைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறேன்.

இனி முதலாளி. அவர் சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அது பலமுறை நடந்திருக்கும். நம்மூர் பட்டறைகள் வளர்ந்த விதமே அப்படி. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, கிணற்றுக்கு மோட்டாரும் மில்லுக்கு மெஷினும் வந்தபிறகு, ஒரு பட்டறையில் பழகியவர் இன்னொரு பட்டறை போட்டார், அவரிடம் பழகியவர் அடுத்ததைப் போட்டார். உங்கள் முதலாளியும் யாரிடமோ பழகிவிட்டு வந்தவராகத்தான் இருப்பார். ஆனால் இதை அவரிடம் வாதமாக வைக்காதீர்கள். அவருக்குப் புரியும் கணக்கை வையுங்கள். செட்டர் வேறு மெஷினில் இருக்கும்போது உங்கள் மெஷின் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று இரண்டு வாரம் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போய், "போன ரெண்டு வாரத்துல செட்டிங்குக்காக மெஷின் இவ்வளவு மணி நேரம் நின்னுருக்குதுங்க. மூணு மாசம் அண்ணன்கூட நிக்க விட்டீங்கன்னா இந்த மெஷின நானே மாத்திக்கறேனுங்க. ஒரு வருசம் எங்கயும் போக மாட்டேனுங்க" என்று சொல்லுங்கள். சொன்னால் அந்த ஒரு வருடத்தைக் காப்பாற்றுங்கள். வெற்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். வாய்ச்சொல்லே போதும் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

இதைப் படிக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கற்றுக் கொடுக்காமல் வைத்திருக்கும் ஆளும் போய்விடுவார்; ஐநூறு ரூபாய் அதிகம் கொடுத்தால் போதும், ஏனென்றால் அவருக்கு உங்களிடம் வேறு பிடிப்பு இல்லை. புதிதாக வரும் பையன்களை அப்ரெண்டிஸாக முறையாக எடுங்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டப்படி முப்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்கள் கட்டாயம் எடுத்தாக வேண்டும். நான்கு பேர் இருக்கும் சின்னப் பட்டறையும் விரும்பினால் எடுக்கலாம். 2016-ல் வந்த தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், கொடுக்கும் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. குறைந்த கூலிக்கு ஆள் என்று மட்டும் இதைப் பார்த்துவிடாதீர்கள். பழக்குவதற்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார்.

தம்பி, உங்களுக்கு இப்போது அப்ரெண்டிஸ் வழி வேண்டாம். சம்பளம் குறைந்துவிடும், வருடமும் போய்விடும். ஐ.டி.ஐ. முடித்தவுடன் ஒரு வருடம் செய்திருந்தால் தேசிய அப்ரெண்டிஸ் சான்றிதழ் கையில் இருந்திருக்கும். உங்கள் தெருவில் இப்போது ஐ.டி.ஐ. படிக்கும் பையன் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். உங்களோடு வேலை செய்கிறவர்களில் ஐ.டி.ஐ.யே படிக்காமல் வேலையில் பழகியவர் இருந்தால், மூன்று வருட அனுபவத்தோடு தனித்தேர்வராக ஐ.டி.ஐ. தேர்வு எழுத வழி உண்டு. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். முன்கற்றல் அங்கீகாரம் என்று இன்னொரு சான்றிதழ் இருக்கிறது. வேலையில் கற்றதைச் சோதித்துக் கொடுப்பார்கள். நம்மூர் பட்டறையில் அதற்காக மட்டும் சம்பளம் ஏறுவதை நான் பார்த்ததில்லை. காகிதமே இல்லாதவருக்கு அது உதவும், உங்களிடம் ஐ.டி.ஐ. இருக்கிறது.

வெளியே படிக்க நினைத்தால் முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புதிய மெஷின்களோடு தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே வேலையில் இருப்பவர்களுக்கு எந்த நேரத்தில் வகுப்பு நடக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். கேட்-கேமை இப்போது தொடாதீர்கள். கையால் புரோகிராம் எழுதத் தெரிந்தபிறகு, ஞாயிறு வகுப்பாக, அதை மட்டும் தனியாகப் படித்தால் செலவும் குறையும், படிப்பதும் மண்டையில் நிற்கும். நீண்ட காலத்துக்கு யோசித்தால் பகுதி நேர டிப்ளமோ. அதன்பிறகு டிப்ளமோவோடு வேலையில் இருப்பவர்களுக்கு மாலை நேர பகுதி நேர பி.இ. கோவையிலேயே இருக்கிறது. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு மாலையில் படித்து இன்ஜினியர் ஆனவர்கள் அவிநாசி ரோடு நெடுகிலும் இருக்கிறார்கள். கஷ்டம்தான், கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிவிட்டால் கொஞ்சம் சுலபம்.

ஆறு மாதம் இப்படி முயன்றும் முதலாளி அசையவில்லை என்றால், அப்போது வேலை மாறுங்கள். மாறும்போது சம்பளத்தைப் பார்த்து மாறாதீர்கள். ஒரே ஷாஃப்டை வருடம் முழுக்க ஓட்டும் இடத்தை விட, வாரத்துக்கு நாலு ஜாப் மாறும் இடம், அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூம் இருக்கும் இடம், ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் நல்லது. அங்கே செட்டிங் உங்களைத் தேடி வரும்.

பெண் வீட்டார் சொன்னது வலித்திருக்கும். உங்கள் கடிதத்தில் அந்த வரியில் மட்டும் எழுத்து அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. அதற்கு உடனே பதில் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் இந்த 78,000 ரூபாயைக் கட்டிவிடாதீர்கள்.

ஆயுத பூஜை வருகிறது. மற்ற நாட்களில் திறக்காத கவர்களை எல்லாம் கழற்றித் துடைக்கும் நேரம் அது. டெலஸ்கோபிக் கவரைக் கழற்றும்போது பக்கத்தில் இருங்கள். பால் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது, ஆயில் எந்தக் குழாய் வழியாக எந்தப் பக்கம் போகிறது, டரெட் எப்படிப் பூட்டுகிறது என்று கண்ணால் பார்த்து நோட்டில் படமாக வரைந்துகொள்ளுங்கள். சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்னால் செட்டர் அண்ணனிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். அன்றைக்கு அவருக்கும் அவசரம் இருக்காது. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டின் நாலு பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அளவுகளைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.